நாலாவது ஆளுக்கு ஒரு சுற்று

இந்த வசந்தத்தில் முதல் தடவையாக வாடகை மீன்பிடிப் படகுகளில் வேலைக்கு ஏறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தூண்டிலில் எந்த நிறத் தகடு கட்டுவது, நூலை எவ்வளவு ஆழத்துக்கு இறக்குவது என்பதையெல்லாம் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி சரியாகவும் இருக்கும். நான் சொல்லப்போவது ஏப்ரல் மாதத் தண்ணீரைப் பற்றி. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஏனென்றால் பார்ப்பதற்கு அது மற்ற மாதத் தண்ணீரைப் போலத்தான் இருக்கிறது.

பருவத்தின் தொடக்கத்தில் ஒன்ராறியோ ஏரியின் சால்மன் மீன்கள் தாமாகவே கரைக்குக் கிட்ட வருகின்றன. குளிர்காலம் முழுவதும் கிடந்த ஏரித் தண்ணீர் இன்னும் பனிக்கட்டியின் உறவுதான். ஓடைகள் கொண்டுவருகிற கலங்கல் தண்ணீர் மட்டும் இரண்டொரு பாகை சூடாக இருக்கும். கலங்கலும் தெளிவும் சந்திக்கிற கோட்டில் சின்ன மீன்கள் கூடும். அவற்றைத் தின்ன சால்மன் வரும். யூலையில் நெடுந்தூரம் ஓடிப்போய்த் தேடவேண்டிய மீன், ஏப்ரலில் ஸ்காபரோவின் மண்குன்றுகளுக்குக் கீழே, நம்முடைய கார் நிற்பது தெரிகிற தூரத்தில் நிற்கும்.

தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. மீன் கிட்ட நிற்பதால் எல்லோரும் வருவார்கள். பெரிய படகு வைத்திருக்கிறவர்கள் இன்னும் அதன் உறையையே கழற்றியிருக்க மாட்டார்கள். சின்ன அலுமினியப் படகுக்காரர்கள் விடியமுன் வந்து இறக்கிவிடுவார்கள். கரை தெரிகிறது, கார் தெரிகிறது, பிறகு என்ன பயம் என்பார்கள். நான்கு பாகைத் தண்ணீருக்குள் விழுந்தவனுக்குக் கரை தெரிவதால் ஒரு பயனும் இல்லை. வடக்குக் காற்று அடிக்கும் நாளில் குன்றுகள் மறைப்பதால் கரையோரம் எண்ணெய் ஊற்றியதுபோல் இருக்கும், கொஞ்சம் வெளியே போனால் காற்று படகை அமெரிக்கப் பக்கம் தள்ளும். தெற்கிலிருந்து இளஞ்சூட்டுக் காற்று வந்தால் இன்னும் மோசம். சூடான காற்று குளிர்ந்த தண்ணீரின்மேல் படுத்தவுடன் மூடுபனி எழும்பும். நல்ல வெயில் என்று எல்லோரும் மேலங்கியைக் கழற்றுகிற நாளில்தான் அது வரும்.

நான் யாழ்ப்பாணத்தில் கணிதம் படித்தவன். ரொறன்ரோவுக்கு வந்து பார்க்டேலில் அறை எடுத்து, ஒரு களஞ்சியத்தில் பெட்டி எண்ணும் வேலையில் தொடங்கி, வார இறுதிகளில் படகுகளில் உதவிக்குப் போய், கடைசியில் படகோட்டுகிற அனுமதிப்பத்திரம் எடுத்து முழுநேரமாக ஏரிக்குப் போனவன். இப்போது ஓய்வு. படகில் ஏறுகிற தலைகளை எண்ணுவேன், இறங்கும்போதும் எண்ணுவேன், இடையில் தேநீர் குடிக்கும்போதும் எண்ணுவேன். தூண்டில்களையும் லைஃப் ஜாக்கெட்டுகளையும் எண்ணுவேன். என் மனைவி இதை வியாதி என்கிறாள். இருக்கலாம்.

நான் ஓட்டிய படகை எனக்கு முன்னால் ஓட்டியவர் நியூஃபவுண்ட்லாந்துப் பக்கத்திலிருந்து வந்தவர். அதிகம் பேசமாட்டார். அவர் சொன்னவற்றில் இரண்டை மட்டும் இங்கே எழுதுகிறேன். குளிர்ந்த தண்ணீரில் விழுந்தவனுக்கு மூச்சை அடக்க ஒரு நிமிடம், கைகால் வேலை செய்யப் பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணி நேரம் என்பது முதலாவது. இது உங்களுக்கும் வகுப்பில் சொல்லியிருப்பார்கள். இரண்டாவதை வகுப்பில் சொல்ல மாட்டார்கள். தண்ணீரில் ஆளைத் தேடத் தொடங்கமுன், எங்கே நிறுத்துவாய் என்று வாய்விட்டுச் சொல், படகில் உள்ள எல்லோருக்கும் கேட்கச் சொல் என்றார். ஏன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். மனதுக்குள் சொன்னால் நீயே அதை மாற்றிவிடுவாய் என்றார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முந்திய ஒரு சனிக்கிழமை. ரெக்ஸ்டேலில் இருந்து ஆறு பேர் படகை எடுத்திருந்தார்கள். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள், அல்லது ஓய்வு பெறப் போகிறவர்கள். அவர்களின் தலைவர் மாதிரி இருந்தவர் மணியம். நீண்ட காலம் பஸ் ஓட்டியவர், வாய்க்காரர். எனக்கு உதவிக்கு வதனி நின்றாள். அவள் வாரநாட்களில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். சனி ஞாயிறுகளில் படகுக்கு வருவாள். புறப்படும்போது நான் தலை எண்ணுவதைக் கண்டு மணியம் கேட்டார்.

"என்ன கப்டன், நாங்கள் என்ன ஆடுகளோ? பட்டியில அடைக்கப் போறீரோ?"

"ஆடு துலைஞ்சா வேற ஆடு வாங்கலாம்," என்றாள் வதனி. "அங்கிள், நீங்கள் அந்த ஜாக்கெட்டைக் கோட்டுக்கு மேல போடுங்கோ. உள்ள போட்டால் அது ஊதேக்க உங்கட நெஞ்சை நெரிக்கும்."

காலை அழகாக இருந்தது. கலங்கல் கோட்டில் இரண்டு மீன் பிடித்தார்கள். ஒன்றை மணியம் பிடித்ததாகச் சொன்னார். மற்றவர்கள் அது தாங்கள் பிடித்தது என்றார்கள். பத்து மணிக்குக் கிட்ட காற்று தெற்குக்குத் திரும்பியது. முகத்தில் இளஞ்சூடு பட்டதும் தூண்டில்களை ஏற்றச் சொன்னேன். இன்னும் நேரம் இருக்கிறது என்று முணுமுணுத்தார்கள். கடைசித் தூண்டிலை ஏற்றுவதற்குள் குன்றுகள் மறைந்துவிட்டன. வேகத்தைக் குறைத்து, ஹோர்னை ஊதியபடி துறைமுகத்தை நோக்கி வந்தோம்.

"உந்த ஹோர்னை நிப்பாட்டினா மீனாவது நித்திரை கொள்ளும்," என்றார் மணியம்.

அப்போதுதான் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. எஞ்சினை நிறுத்தினேன்.

"வதனி, கேக்குதோ?"

அவள் தலையைச் சாய்த்து நின்றாள். "தகரம் அண்ணை. ஆரோ தகரத்தில தட்டுகினம்."

"எந்தப் பக்கம்?"

அவள் வலது பக்கம் காட்டினாள். மணியம் இடது பக்கம் காட்டினார். மூடுபனிக்குள் சத்தத்துக்குத் திசை கிடையாது. கொஞ்சம் ஓடி, நிறுத்திக் கேட்டு, மறுபடி கொஞ்சம் ஓடி அந்த இடத்தைக் கண்டுபிடித்தோம். ஒரு சின்ன அலுமினியப் படகு வயிற்றைக் காட்டிக்கொண்டு கவிழ்ந்து கிடந்தது. அதைப் பிடித்தபடி மூன்று பேர். ஒருவன் மீன் வாயிலிருந்து கொக்கி கழற்றுகிற குறட்டினால் படகின் அடியில் தட்டிக்கொண்டிருந்தான். எங்களைக் கண்ட பிறகும் அவன் தட்டுவதை நிறுத்தவில்லை.

என்ன நடந்தது என்பதைப் பிறகு அறிந்தேன். முதல் மீன் மாட்டியிருக்கிறது, பெரிய மீன். அதை வலையில் ஏந்த எல்லோரும் ஒரே பக்கம் எழும்பி நின்றிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

பின்பக்கத் தட்டால் அவர்களை ஏற்றினோம். மணியத்தின் ஆட்கள் கையைப் பிடித்து இழுக்கப் போனார்கள். வதனி விடவில்லை.

"தூக்காதேங்கோ. உருட்டுங்கோ. பாயைச் சுருட்டுற மாதிரி."

தன்னைவிடப் பாரமான ஆட்களைக் கட்டிலில் திருப்புவது அவளுக்கு அன்றாட வேலை. மூவரையும் உள்ளறைக்குள் கிடத்தி ஈர உடுப்புகளை வெட்டிக் கழற்றினாள். ரெக்ஸ்டேல்காரர்கள் ஆறு பேரும் யாரும் கேட்கமுன் தங்கள் கோட்டுகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். இதை நான் மறக்கவில்லை. பிறகு நடந்ததற்காக அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

மூவரில் தட்டிக்கொண்டிருந்தவன் பெயர் ரூபன், நாற்பது வயதிருக்கும். மற்றவன் அவனுடைய மச்சான். பல் கிட்டித்து, உடம்பு உதறிக்கொண்டிருந்தது, பேச முடியவில்லை. மூன்றாமவர் ரூபனின் சித்தப்பா, அறுபதுக்குக் கிட்ட. நான் ரூபனிடம் குனிந்து கேட்டேன்.

"எத்தினை பேர் வந்தனீங்கள்?"

"நாலு."

"நாலோ? வடிவாச் சொல்லும்."

"நாலு பேர். நேசனோட நாலு."

"நேசன் எங்கை?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "நாலு பேர் அம்மா," என்றான். குளிரில் மனம் கலங்கியவர்கள் தாயைக் கூப்பிடுவதை முன்பும் கேட்டிருக்கிறேன். அதற்கு மேல் அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

அந்த நேரம் மேல்தட்டில் நின்ற மணியம் கொக்கித் தடியால் தண்ணீரிலிருந்து ஒன்றை இழுத்து எடுத்தார். செம்மஞ்சள் நிற லைஃப் ஜாக்கெட். உள்ளே ஆள் இல்லை. மூவரும் தங்கள் ஜாக்கெட்டுகளைப் போட்டிருந்தார்கள். ஆகவே இது நாலாவது.

ரேடியோவில் துறைமுகத்தைக் கூப்பிட்டேன். மீட்புப் படகை அனுப்பச் சொல்லி, இடத்தைச் சொல்லி, அந்தப் படகு புறப்பட்டபோது யாராவது கண்டார்களா என்று விசாரித்தேன். படகு இறக்குகிற இடத்தில் நின்ற ஒருவர் கண்டிருக்கிறார். நான்கு பேர் ஏறிப் போனார்கள் என்று உறுதியாகச் சொன்னாராம். மீட்புப் படகு புறப்படுகிறது, ஆனால் மூடுபனியில் மெல்லத்தான் வரமுடியும் என்றார்கள்.

கணிதம் படித்தவனுக்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேறு வேண்டாம். படகில் இருந்தவன் நாலு என்கிறான். கரையில் கண்டவர் நாலு என்கிறார். ஜாக்கெட்டும் நாலு.

உள்ளறையிலிருந்து வதனி கூப்பிட்டாள். "அண்ணை, இந்த ஐயாவுக்கு நடுக்கம் நிண்டிட்டுது."

"நிண்டா நல்லந்தானே," என்றார் மணியம்.

"இல்லை அங்கிள். நிக்கக் கூடாது."

அவள் சொன்னதன் அர்த்தம் எனக்குத் தெரியும். நடுங்குகிற உடம்பு இன்னும் சண்டை பிடிக்கிறது. நடுக்கம் நின்றால் அது தோற்றுக்கொண்டிருக்கிறது. அந்த மனிதருக்கு வேண்டியது ஆம்புலன்ஸ், அது கரையில் நிற்கும். நான் நேரே போனால் மீட்புப் படகு இங்கே வந்துசேர முன் துறைமுகத்தில் இருப்பேன். நின்று தேடினால் இவர் உள்ளே கிடந்து போய்விடலாம். போனால் நேசன் என்ற ஒருவனை நான்கு பாகைத் தண்ணீரில் விட்டுப் போகிறேன். ஜாக்கெட் இல்லாத நேசன். கை வேலை செய்யும் பத்து நிமிடம் அவனுக்கு எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் எதையாவது பிடித்துக்கொண்டு மிதக்கிறானோ என்று யாரால் சொல்ல முடியும்? கவிழ்ந்த படகிலிருந்து எரிபொருள் கலனோ மீன்பெட்டியோ மிதந்து போயிருக்கும். அதில் ஒருவன் தொங்கிக்கொண்டு நிற்கலாம்.

நான் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

"ஒரு சுற்று. கவிண்ட போட்டைச் சுத்தி ஒரே ஒரு சுற்றுப் போவம். இடையிடை எஞ்சினை நிப்பாட்டிக் கேப்பம். ஆள் கிடைச்சால் ஏத்துவம். கிடைக்காட்டிக் கரைக்குப் போறம்."

"ஒண்டோ?" என்றார் மணியம்.

"ஒண்டு."

ஐந்து பேரை இரண்டு பக்கமும் நிறுத்தினேன். மணியத்தை முன்னால் விட்டேன். பெரிய வட்டமாகப் போனோம். நிறுத்தினோம், ஊதினோம், பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். முன்பின் தெரியாத ஒருவனின் பெயரை ஆறு கிழவர்கள் மூடுபனிக்குள் கத்துவதைக் கேட்பது ஒரு மாதிரித்தான் இருந்தது. சிவப்பு எரிபொருள் கலன் ஒன்று கிடைத்தது. அதில் யாரும் இல்லை. ஒருவர் ஏதோ சத்தம் கேட்டதாகச் சொன்னார். நிறுத்திக் கேட்டோம். கடற்காகம்.

சுற்று முடிந்தது. கொடி கட்டிய மிதவை ஒன்றை அந்த இடத்தில் போட்டேன். ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறித்து ரேடியோவில் சொன்னேன். படகைத் துறைமுகத்துக்குத் திருப்பினேன்.

மணியம் என்னருகில் வந்தார். "கப்டன், இன்னும் ஒரு சுற்று."

"இல்லை."

"நான் பஸ் ஓடின ஆள். ஓடி வாற ஒருத்தனைக் கண்டால் கதவைத் திறந்து வச்சு நிண்டிருக்கிறன். எத்தினையோ தரம் பேச்சு வாங்கியிருக்கிறன். ஆனால் விட்டிட்டுப் போகேல்லை."

"உங்கட பஸ்ஸில ஏறியிருந்த ஆக்கள் செத்துக்கொண்டு இருக்கேல்லை."

"இது ஒரு சீவன் கப்டன்."

"உள்ளுக்கும் ஒரு சீவன்தான்."

"அவனுக்கும் ஒரு தாய் இருப்பாள்தானே. அவளுக்கு என்ன சொல்லுவீர்? ஒரு சுற்றுப் பாத்தனாங்கள் எண்டோ?"

நான் ஹோர்னை ஊதினேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய், எனக்கு முதுகைக் காட்டியபடி இருந்தார். ஈரமான ஜாக்கெட் அவர் மடியில் கிடந்தது. துறைமுகம் வரும்வரை அதை அவர் கீழே வைக்கவில்லை. என் கைகள் சுக்கானில் ஒழுங்காக இருந்தன. அதைக் கவனித்தேன். அந்த நேரத்தில் பதறாமல் இருந்ததைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நிறுத்துமிடத்தை முன்பே எல்லோருக்கும் சொல்லிவிட்டதால், பிறகு கைகளுக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை.

ஆம்புலன்ஸ்கள் நின்றன. மூவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். சித்தப்பாவை ஏற்றியவர்கள் ஓடவில்லை, மிக மெதுவாக, கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்குவதுபோலத் தூக்கினார்கள். ரெக்ஸ்டேல்காரர்களில் இரண்டு பேர் எனக்குக் கைகொடுத்தார்கள். மணியம் தன் மீனையும் எடுக்காமல் காரில் போய் இருந்தார். நாலாவது ஆளைத் தேடி மீட்புப் படகோடு மூன்று படகுகள் மூடுபனிக்குள் போயிருந்தன.

பொலிஸ்காரர் ஒருவர் ரூபனின் பணப்பையிலிருந்த விலாசத்தை வைத்து வீட்டுக்கு அழைப்பெடுத்தார். தாய்க்கு ஆங்கிலம் சரிவராது. தொலைபேசியை என்னிடம் தந்தார். மகன் உயிரோடு இருக்கிறான், எந்த வைத்தியசாலை என்று முதலில் சொன்னேன். அழுது முடிக்கவிட்டு நேசனைப் பற்றிக் கேட்டேன்.

"நாலு பேராத்தான் தம்பி போனவங்கள். ரூபன் போட் வெளிக்கிடேக்க ஃபோன் எடுத்தவன். 'நாலு பேர் அம்மா' எண்டு சொன்னவன். நான் மூண்டு பேராப் போக விடமாட்டன். வருசத்தில முதல் முதல் போற பயணம்."

எனக்கு அந்த இடத்தில் ஏதோ இடறியது. இதை வாசிக்கிறவர்களில் இங்கே பிறந்தவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். நம்மவர்கள் ஒரு காரியத்துக்கு மூன்று பேராகப் புறப்பட மாட்டார்கள். காரியம் சரிவராது என்பது நம்பிக்கை. மூன்று பேர்தான் என்றால் இன்னொருவரைக் கூட்டுவார்கள். ஆள் கிடைக்காவிட்டால் ஒரு கல்லை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அதை நாலாவதாகக் கணக்கு வைப்பார்கள். நான் பல்கலைக்கழக நேர்முகத்துக்குப் போனபோது என் சட்டைப்பையிலும் ஒரு கல் இருந்தது.

"அம்மா, நேசன் மீன் பிடிக்கவோ போனவர்?"

"அவனுக்கு இண்டைக்கு வேலை எண்டுதான் ரூபன் சொன்னவன். போட்டை இறக்க உதவிக்கு வாறான் எண்டான். நான்தான் சொன்னனான், அவனையும் ஏத்திக்கொண்டு போங்கோ எண்டு."

நேசனின் இலக்கத்தை வாங்கினேன். பொலிஸ்காரர் அழைப்பெடுத்து ஒலிபெருக்கியில் போட்டார். நீண்ட நேரம் மணி அடித்தது. பிறகு யாரோ எடுத்தார்கள். பின்னால் காற்றுத் துப்பாக்கியால் சக்கர ஆணி கழற்றுகிற சத்தம்.

"ஹலோ, டயர் மாத்தவோ? இண்டைக்கு முழுக்க புக் ஆயிட்டுது."

"நீர் நேசனோ?"

"ஓம், ஆர்?"

பொலிஸ்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர் ரேடியோவை எடுத்துவிட்டார்.

நேசன் அஜின்கோர்ட்டில் ஒரு டயர்க் கடையில் வேலை செய்கிறவன். ஏப்ரலில் ஊர் முழுவதும் குளிர்கால டயரைக் கழற்றும். அவனுக்குச் சனிக்கிழமை லீவு கிடைக்காது. காலையில் படகை இறக்க உதவியிருக்கிறான். ரூபனின் தாய்க்காகப் படகில் ஏறி, ஜாக்கெட்டும் போட்டு, கரையில் எல்லோரும் பார்க்கத் துறைமுகத்துக்குள் கொஞ்சத் தூரம் போயிருக்கிறான். எரிபொருள் நிரப்புகிற இடத்தில் இறங்கி, ஜாக்கெட்டைக் கழற்றிப் படகுக்குள் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டான். புறப்பட்டபோது நாலு பேர். சம்பிரதாயத்துக்கு அது போதும். ஆகவே ரூபன் தாய்க்குச் சொன்னது பொய் இல்லை. கரையில் கண்டவர் சொன்னதும் பொய் இல்லை. ஜாக்கெட்டும் பொய் சொல்லவில்லை. எல்லாக் கூட்டலும் சரியாக இருந்து விடை மட்டும் பிழைத்த கணக்கு அது. தேடப்போன மூன்று படகுகளில் ஒன்று மூடுபனியில் துறைமுகத்து அலைதடுப்புக் கற்களில் உரசிக்கொண்டு திரும்பி வந்தது. ஒருவருக்கும் காயமில்லை. இருந்திருக்கலாம்.

அந்த நாளுக்குப் பிறகு நான் எத்தனை பேர் என்று மட்டும் கேட்பதில்லை. பெயர்களைக் கேட்பேன். பிறகு, அந்தப் பெயர்க்காரரைக் கடைசியாக எங்கே கண்டீர்கள் என்று கேட்பேன். நீங்களும் அப்படிக் கேளுங்கள். அன்றைக்கு ரூபனிடம் அப்படிக் கேட்டிருந்தால் அவனால் பதில் சொல்லியிருக்க முடியுமா என்று எனக்குத் தெரியாது. 'நாலு பேர் அம்மா' என்று சொன்னதே அவனுக்கு ஞாபகம் இல்லை.

மூவரும் வீட்டுக்குப் போனார்கள். சித்தப்பா கடைசியாகப் போனார். இன்னொரு சுற்றுச் சுற்றியிருந்தால் அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று வைத்தியசாலையில் யாரிடமும் நான் கேட்கவில்லை.

இந்தக் கதையைச் சொன்னால் கேட்கிறவர்கள் இந்த இடத்தில் சிரித்து, கடைசியில் நீங்கள் செய்தது சரிதானே என்பார்கள். இல்லாத ஆளைத் தேடி நேரத்தை வீணாக்காமல் வந்தீர்கள் என்பார்கள். அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். படகைத் திருப்பியபோது அவன் இருந்தான். எனக்கு இருந்தான், மணியத்துக்கு இருந்தான். பெயர் இருந்தது, ஜாக்கெட் இருந்தது. நான் திருப்பியது அவன் இல்லை என்று நினைத்து அல்ல. ஒரு முடிவு சரியா பிழையா என்பதை, எடுத்த நேரத்தில் கையில் இருந்தவற்றை வைத்துத்தான் பார்க்க வேண்டும். பிறகு வந்த தொலைபேசி அழைப்பை அதில் சேர்க்கக் கூடாது.

அன்று பின்னேரம் மூடுபனி விலகியது. நானும் வதனியும் உள்ளறையைக் கழுவிக்கொண்டிருந்தோம். ஒரு வான் வண்டி வந்து நின்றது. டயர்க் கடைச் சீருடையோடு ஒருவன் இறங்கிப் படகுத்துறைக்கு நடந்து வந்தான். மெலிந்த ஆள், முழங்கைவரை கரி. வைத்தியசாலைக்குப் போய்விட்டு வருகிறேன் என்றான். ரூபன் நித்திரை என்றான். பிறகு என்ன சொல்வது என்று தெரியாமல் படகைச் சுற்றிப் பார்த்தான்.

"அண்ணை, என்னைத் தேடினீங்களாம்."

"ஓம்."

"போட்டில வந்த ஒரு அங்கிள் ஆஸ்பத்திரியில நிண்டவர். நான் நேசன் எண்டதும் அழுதிட்டார். முன்பின் என்னைத் தெரியாது அவருக்கு."

மணியம்தான். ரெக்ஸ்டேலுக்குப் போகாமல் வைத்தியசாலைக்குப் போயிருக்கிறார்.

"அவர் சொன்னார், ஒரு சுற்றுத்தான் பாத்ததாம் எண்டு."

"ஓம். ஒரு சுற்றுத்தான்."

வதனி கழுவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். சிரிக்க முயன்று பார்த்தான், வரவில்லை.

"அண்ணை, நான் உண்மையா அங்க கிடந்திருந்தால்?"

இந்தக் கேள்விக்கு இதமான பதில்கள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றை வீட்டுக்கு வந்த பிறகு யோசித்தேன். அன்றைக்கு அவன் உயிரோடு எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"அப்பவும் ஒரு சுற்றுத்தான் தம்பி."

அவன் கரிக் கைகளைச் சீருடையில் துடைத்தான். பிறகு தலையை ஆட்டினான். கடையில் ஆட்கள் காத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வண்டிக்கு நடந்தான்.